விபத்தும் நஷ்ட ஈடும்



விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு நம் நாட்டுச் சட்டப்படி கிடைக்க வேண்டியது என்ன, அதைப் பெறுவதற்கு அவரும் அவர் குடும்பத்தாரும் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். நாம் வழக்கறிஞர் அல்லர். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர். ஆனால் தோட்டத்தில் ஆசிரியர் வேலை பள்ளி மணியோடு முடிந்துவிடுவதில்லை. மலாயில் வந்த கடிதத்தையோ ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தையோ கையில் பிடித்தபடி, “சார், இதிலே என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்று மாலை வேளையில் வாசலுக்கு வருவோர் உண்டு. அவ்வாறு வரும் தாள்களில் பல, விபத்தைப் பற்றியவை. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் ஓர் உண்மை நமக்குத் தெளிவாகிறது. நம் மக்கள் நஷ்ட ஈட்டை இழப்பது சட்டம் இல்லாத காரணத்தால் அன்று. சட்டம் இருக்கிறது. காகிதம் இல்லாததாலும், காலம் கடந்துபோனதாலும், படித்துப் பாராமல் கையெழுத்துப் போட்டதாலுமே இழக்கிறார்கள். காகிதம், காலம், கையெழுத்து ஆகிய இந்த மூன்றையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு மனத்தடையை நீக்கிக்கொள்வோம். “நடந்தது நடந்துபோச்சு, தலையெழுத்து. காசு கேட்டு அலைவதா?” என்று கேட்போர் உண்டு. காலிழந்தவருக்குக் காலைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது என்பது உண்மையே. ஆனால் அவர் வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும், மருந்துச் செலவும் தலையெழுத்தைச் சொன்னால் நின்றுவிடுமா? நஷ்ட ஈடு பிச்சை அன்று, தருமமும் அன்று. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட சந்தாவுக்கும், வண்டிக்காரர் கட்டிய காப்புறுதிப் பணத்துக்கும் ஏற்ற பலன் அது. கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

இனி, எந்தக் கதவைத் தட்டுவது என்று பார்ப்போம். விபத்து எங்கே, எப்போது, எதற்காகப் போகும்போது நடந்தது என்பதைப் பொறுத்தே கதவு மாறுகிறது.

வேலையில் நடந்த விபத்துக்குச் சொக்சோ என்று நாம் அழைக்கும் பெர்கேசோ நிறுவனம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த இத்திட்டம் 1971இல் செயலுக்கு வந்தது. செம்பனைக் குலை வெட்டும்போது கண்ணில் முள் பாய்ந்தாலும், ஆலையில் இயந்திரம் விரலை நசுக்கினாலும் முதலில் போக வேண்டிய இடம் இதுவே. இங்கே ஒரு பெரிய நன்மை உண்டு. யார்மீது தவறு என்று வழக்காடி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் நேர்ந்தது என்று காட்டினால் போதும். அதற்கு ஈடாக ஒரு கட்டுப்பாடும் உண்டு. சொக்சோ பாதுகாப்பில் உள்ள தொழிலாளி, வேலைக் காயத்துக்காகத் தம் முதலாளிமீது தனியாக நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. மோட்டார் காப்புறுதியின் வழியாகக் கிடைப்பது மட்டும் இதற்கு விலக்கு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலைக் காயத்துக்குச் சொக்சோவின்கீழ் வந்துவிட்டார்கள்.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் வேலைக் காயமாகவே கருதப்படும் என்பதைப் பலர் அறிவதில்லை. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் பாதை, வேலை தொடர்பாகச் செல்லும் பயணம், அனுமதித்த ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போய்வரும் வழி ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ஆனால் இடையில் வழி விலகக் கூடாது. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல், பக்கத்துப் பட்டணத்தில் நண்பரைப் பார்க்கத் திரும்பிப்போன இடத்தில் விபத்து நேர்ந்தால் கோரிக்கை நிற்காது. ஆகவே எந்த வழியாக, எத்தனை மணிக்கு, எதற்காகப் போனோம் என்பதை முதல் நாளே உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். பின்னால் மாற்றிச் சொன்னால் உண்மையும் பொய்யாகத் தோன்றும்.

சொக்சோ என்ன தருகிறது? மருத்துவர் நான்கு நாளுக்குக் குறையாமல் விடுப்புக் கொடுத்திருந்தால், அந்த நாள்களுக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். உறுப்பிழப்போ நிரந்தரமான குறைபாடோ ஏற்பட்டால் மருத்துவர் குழு அதை இத்தனை விழுக்காடு என்று கணிக்கும். கணிப்பு 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் ஒரே தொகையாகப் பெறலாம். அதற்கு மேற்பட்டால் ஒரு பகுதியை மொத்தமாகவும் எஞ்சியதை ஆயுள் முழுதும் மாதந்தோறும் பெறலாம். தொழிலாளி இறந்துவிட்டால் அவரை நம்பி வாழ்ந்தவர்களுக்கு உதவித் தொகை உண்டு. மருத்துவர் குழுவின் கணிப்பு குறைவு என்று பட்டால் மேல்முறையீட்டு மருத்துவர் குழுவிடம் முறையிடலாம். “போட்டது போட்டதுதான்” என்று இருந்துவிட வேண்டியதில்லை. கை கால் மீண்டும் பழகுவதற்கு மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் ஒன்று 2014 முதல் இயங்குகிறது. வீட்டில் முடங்கிக் கிடப்பவர்கள் அதைப் பற்றியும் கேட்டறிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மரத்திலிருந்து விழுந்தவருக்கு என்ன வழி? அது வேலைக் காயம் அன்று. ஆனாலும் போதிய சந்தா கட்டியிருந்து, பழையபடி உழைத்துச் சம்பாதிக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று மருத்துவர் குழு கண்டால், சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். சுயமாகத் தொழில் செய்வோருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும், இல்லத்தரசிகளுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியே இருக்கின்றன. இவை விபத்துக்கு முன்பே பதிந்து சந்தா கட்டியிருக்க வேண்டியவை. வீட்டில் மோட்டார் ஓட்டிப் பிழைக்கும் பிள்ளை இருந்தால், இன்றே அவரிடம், “தம்பி, உனக்குச் சொக்சோ இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது சாலை விபத்து. இங்கே தவறு யார்மீது என்பதே முதற்கேள்வி. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ஒவ்வொரு வண்டிக்கும் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதி கட்டாயம். லாரிக்காரர் கவனக்குறைவால் நம்மை மோதினால், வழக்கு ஓட்டுநர்மீதும் உரிமையாளர்மீதும் போடப்பட்டாலும், தீர்ப்பான பணத்தைக் கட்டுவது காப்புறுதிக் கம்பெனி. ஆகவே, “பாவம், அந்த ஓட்டுநரும் ஏழை, அவரிடம் எப்படிக் கேட்பது?” என்று இரக்கப்பட்டு நம் பிள்ளைகளின் சோற்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மோதிய வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றாலும் கதவு அடைபடுவதில்லை. அத்தகைய வண்டிகளால் அடிபட்டவர்களுக்காகவே மோட்டார் காப்புறுதியாளர் கழகம் என்ற அமைப்பு இருக்கிறது. எதற்கும் வண்டியின் எண் வேண்டும். கீழே விழுந்தவருக்கு உதவ ஓடிவருகிறவர்களில் ஒருவர் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்வது பேருதவி.

தவறு இரு பக்கமும் இருந்தால் நீதிமன்றம் பங்கு பிரிக்கும். நம் பக்கம் நான்கில் ஒரு பங்கு தவறு என்றால் நஷ்ட ஈட்டில் கால் பங்கு குறையும், அவ்வளவே. கொஞ்சம் தவறு நம்மிடமும் உண்டு என்பதற்காக முழுவதையும் கைவிடுவது அறியாமை. வேலைக்குப் போகும் வழியில் பிறர் வண்டி மோதினால், சொக்சோவுக்கும் விண்ணப்பிக்கலாம், மோதியவர்மீதும் வழக்குத் தொடரலாம். இரண்டும் வேறு வேறு கதவுகள்.

பின்னால் உட்கார்ந்து வருவோர் ஒன்றை அறிய வேண்டும். எதிர்வண்டியின் தவறானால் அதன் காப்புறுதி இருக்கிறது. தாம் ஏறி வந்த வண்டியின் ஓட்டுநர்மீதே முழுத் தவறு என்றால் நிலைமை சிக்கல். வாடகைக்கு ஏற்றிச் செல்லப்படுவோர், வேலை ஒப்பந்தப்படி ஏற்றிச் செல்லப்படுவோர் தவிர, மற்றப் பயணிகளுக்குக் காப்புறுதி எடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அந்த வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தில் பயணிகளும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும்.

இனிக் காகிதத்துக்கு வருவோம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். விபத்து வழக்கும் அப்படியே.

முதற் காகிதம் போலீஸ் புகார். விபத்தில் சிக்கிய வண்டியின் ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவர் சார்பில் உறவினர் ஒருவர் புகார் கொடுக்கலாம். நினைவு தெளிந்ததும் அவர் தம் புகாரைத் தாமே கொடுக்க வேண்டும். புகார் மலாயில் எழுதப்படும். நமக்கு மலாய் சரளமாக வராவிட்டால் தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். எழுதி முடித்ததும், “கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்” என்று பணிவாகக் கேட்டு, இடம், நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனோம், எதிர்வண்டி எப்படி வந்தது என்பன சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதற் காகிதம் இதுவாகவே இருக்கும். “நான் இடப்பக்கம் என்று சொன்னேன், அவர் வலப்பக்கம் என்று எழுதிவிட்டார்” என்று அன்று சொல்வது எடுபடாது.

இரண்டாவது, மருத்துவக் காகிதங்கள். அடி சிறிதென்று தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பத்து நாள் கழித்துப் போனால், அந்த வலி விபத்தினால் வந்ததுதானா என்ற கேள்வி எழும். எந்தெந்த இடத்தில் வலிக்கிறது என்பதை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். உடைந்த காலைப் பற்றியே பேசி, தலை சுற்றுவதைச் சொல்லாமல் விட்டால் அறிக்கையில் தலை இராது. மருத்துவ விடுப்புச் சீட்டு, எக்ஸ்ரே, மறுபடி வரச் சொன்ன நாள் குறித்த அட்டை எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, செலவுச் சீட்டுகள். மருந்து, ஊன்றுகோல், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த டாக்சி, உடைந்த மோட்டார் என்று கையிலிருந்து போன ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வேண்டும். செலவானதைச் சீட்டோடு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கண்டிப்பாகக் கேட்கும். நான்காவது, சம்பளச் சீட்டு. விபத்துக்கு முன் மாதம் எவ்வளவு ஈட்டினார் என்பதற்கு அதுவே சாட்சி. கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குவோருக்கு இங்கேதான் தொல்லை. அவர்கள் முதலாளியிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

இவற்றோடு, விபத்து நடந்த இடத்தின் படம், கண்ணால் கண்டவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் சேர வேண்டும். வேலையிடத்து விபத்தானால், மண்டோரிடம் வாயால் சொன்னதோடு நில்லாமல் அலுவலகத்தில் பதியச் செய்ய வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் காலம் தாழ்த்தினாலோ, சந்தாவே கட்டவில்லை என்று தெரியவந்தாலோ, தொழிலாளியே நேரில் சொக்சோ அலுவலகத்துக்குப் போய் முறையிட வேண்டும். தொழிலாளியைப் பதிந்து சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம்; தொழிலாளியின் குற்றம் அன்று.

அடுத்தது காலம். தீபகற்ப மலேசியாவில், கவனக்குறைவால் ஏற்பட்ட காயத்துக்கு வழக்குத் தொடரப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம். ஆனால் மோதியது அரசாங்க வண்டியானால், அல்லது தவறு பொது அதிகார அமைப்பின் கடமை தொடர்பானதானால், 36 மாதமே. அடிபட்டவர் இறந்துவிட்டால் அவரை நம்பி வாழ்ந்த குடும்பத்தார் வழக்குத் தொடர இறந்த நாளிலிருந்து 3 ஆண்டே. சபா, சரவாக் மாநிலங்களில் கால வரம்புச் சட்டம் தனி. அங்குள்ள நேயர்கள் அவ்விடத்து வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். 6 ஆண்டு இருக்கிறதே என்று ஆறப் போடுவது கூடாது. சாட்சி ஊர் மாறிப்போவார், கடை மூடிவிடும், ரசீதின் மை அழிந்துபோகும். சட்டம் தரும் காலம் வேறு, நம் காரியம் கெடாமல் இருக்கும் காலம் வேறு. அடிபட்டவர் சிறுபிள்ளையானால் தாயோ தந்தையோ அவர் சார்பில் வழக்கு நடத்தலாம். அத்தகைய வழக்கைச் சமரசமாக முடிப்பதானாலும் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பிள்ளையின் பணம் பெரியவர் கையில் கரைந்துவிடாமல் சட்டம் காக்கும் வழி அது.

மூன்றாவது, கையெழுத்து. நம் கவனம் மிகுதியாக வேண்டிய இடம் இதுவே.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், கணவர் கால் முறிந்து கட்டிலில் கிடந்தார். மனைவி அருகில் அழுதுகொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் நன்றாக உடுத்திக்கொண்டு வந்தார். தமிழிலேயே பேசினார், பிள்ளைகளுக்குப் பழமும் வாங்கி வந்தார். “அக்கா, கவலைப்படாதீங்க. கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். காசு வந்ததும் எங்க பங்கை எடுத்துக்கிறோம்” என்றார். அந்த அம்மாள் நான்கு தாள்களில் கையெழுத்திட்டார். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது. வழக்கு எந்த வழக்கறிஞரிடம் இருக்கிறது என்று அறிவதற்கே பல மாதம் அலைந்தார்கள். கடைசியில் கைக்கு வந்த தொகையிலிருந்து என்னென்ன கழிக்கப்பட்டது என்பதற்குக் கணக்குச் சீட்டும் இல்லை.

நேயர்களே, இத்தகைய தரகர்களுக்கு இடங்கொடுக்க வேண்டாம். வழக்கறிஞர்கள் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது அவர்களுடைய தொழில் ஒழுங்குக்கு மாறானது. வெற்றி பெற்றால் நஷ்ட ஈட்டில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வதையும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டம் தடை செய்திருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். வழக்கறிஞரை நாமே அவர் அலுவலகத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அவர் பெயர் வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். கையெழுத்திடும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் கேட்டு வாங்க வேண்டும். பணம் வந்ததும் வரவு செலவுக் கணக்கை எழுத்தில் கேட்க வேண்டும். முறைகேடு நடந்தால் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்திடம் புகார் செய்யலாம். வசதியில்லாதவர்கள், தங்களுக்கு உதவி கிடைக்குமா என்று அரசாங்கச் சட்ட உதவித் துறையிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

காப்புறுதிக் கம்பெனி சமரசத் தொகை பேசி, “முழுமையும் இறுதியுமான தீர்வு” என்ற தாளை நீட்டும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். சமரசம் தவறன்று, வழக்கு நெடுநாள் இழுப்பதைவிட நியாயமான தொகைக்கு முடித்துக்கொள்வது பல சமயம் நல்லது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்திட்ட பின், காலில் மறுபடியும் அறுவை செய்ய நேர்ந்தாலும் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே காயம் எந்த அளவில் ஆறி நிற்கும் என்று மருத்துவர் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

தொகை நியாயமா என்று அறிவது எப்படி? நீதிமன்றம் மூன்று வகையாகக் கணக்கிடுகிறது. வலிக்கும் வேதனைக்கும் உறுப்புக் குறைக்கும் ஒரு தொகை. செலவானதற்கும் விட்டுப்போன சம்பளத்துக்கும் ஒரு தொகை. இனி வரக்கூடிய வருமான இழப்புக்கு ஒரு தொகை. முதல் வகைக்கு, எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று வழிகாட்டும் தொகுப்பு ஒன்றை வழக்கறிஞர் மன்றம் வெளியிட்டிருக்கிறது. கடைசி வகைக்கு, 2019இல் திருத்தப்பட்ட சட்டம் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டு. 31 முதல் 59 வயது வரை, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 40 வயதுள்ள ஒருவரின் வருமானம் விபத்தினால் மாதம் 600 வெள்ளி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 60இல் 40 போனால் 20. அதில் பாதி 10. 600 வெள்ளியை 12 மாதத்தால் பெருக்கி, மீண்டும் 10ஆல் பெருக்கினால் 72,000 வெள்ளி. ஐந்தாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்கு இது. அவரிடம் வந்து, எல்லாம் சேர்த்து 15,000 வெள்ளி தருகிறோம் என்று சொன்னால், கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவே வீட்டில் ஓர் உறையை எடுத்து, குடும்பத்தாரின் அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டுகள், வண்டியின் காப்புறுதித் தாள் ஆகியவற்றை அதில் போட்டு வையுங்கள். அது இருக்கும் இடம் மனைவிக்கும் தெரிய வேண்டும். மூத்த பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தமக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாள் வந்தால், தெரிந்த ஒருவரிடம் காட்டிப் பொருள் கேட்ட பிறகே கையெழுத்து என்று வீட்டில் ஒரு வழக்கத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியரோ, தொழிற்சங்கப் பொறுப்பாளரோ, படித்த பிள்ளையோ, கேட்டால் படித்துச் சொல்ல மறுக்கமாட்டார்கள்.